சிவப்பு சால்வியா வைத்தவர்களே, உங்கள் வீட்டுக்கு யார் யார் வந்தார்கள்?

ஆஸ்டின், டெக்சஸ்

புதிதாக வீடு வாங்கிக்கொண்டு வருகிற நம் ஆட்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் குடிக்கிற அந்தக் குட்டிப் பறவை, ஹம்மிங்பேர்ட், வரவேண்டும் என்றால் என்ன செடி வைக்கலாம்? சிவப்பு சால்வியா வையுங்கள் என்பேன். ஆனால் எந்தச் சிவப்பு சால்வியா என்று கேட்டு வாங்க வேண்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது.

வசந்தம் வந்ததும் கடை வாசலில் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்களே, குட்டையாக, பளிச்சென்று, அது சால்வியா ஸ்ப்ளெண்டன்ஸ். பிரேசிலில் உயரமாக வளர்கிற செடி. பாத்தி நிரப்புவதற்காக அதைக் குட்டை ரகங்களாக ஆக்கிவிட்டார்கள். என் வீட்டில் பறவை அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பக்கத்தில் நிற்கிற சால்வியா காக்சினியாவை விட்டு நகராது. காக்சினியா அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து டெக்சஸ், மெக்சிகோ வரை தானாகவே வளர்கிற செடி. இடுப்பளவு உயரம், தண்டைத் தொட்டால் நான்கு பட்டையாக இருக்கும். நம் துளசி, கற்பூரவள்ளி எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒரு கன்று வைத்தால் போதும், விதை விழுந்து அடுத்த வருடம் தானே முளைக்கும்.

இரண்டாவது, சால்வியா கிரெக்கி. மேற்கு டெக்சஸின் வறண்ட பாறைச் சரிவுகளுக்குச் சொந்தமான புதர். இந்த ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான செடியை நான் பார்த்ததில்லை. தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். பிப்ரவரியில் பாதிக்கு வெட்டிவிடுவேன். ஆகஸ்டில் நுனிகளை மட்டும் லேசாகக் கத்தரிப்பேன், செப்டம்பரில் பூத்துத் தள்ளும்.

அந்தச் செப்டம்பர்தான் எனக்கு முக்கியம். கோடை முழுவதும் எங்களிடம் இருப்பது கருந்தாடை ஹம்மிங்பேர்ட். கோடை முடியும்போது வடக்கிலிருந்து செந்தொண்டை ஹம்மிங்பேர்டுகள் இறங்கத் தொடங்கும். எடை 3 கிராம் சொச்சம். இவற்றில் பல, மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில், ஏறத்தாழ 800 கிலோமீட்டர், கடக்கும். அதற்கு முன்னால் தின்று தின்று எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் நம் வேலியோரத்தில் பூ இல்லை என்றால் செடி வைத்து என்ன பயன்?

ஒரு சாயங்காலம் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது ஒன்று முழங்கை தூரத்தில் வந்து அந்தரத்தில் நின்றது. முதலில் சத்தம், அப்புறம்தான் பறவை. அலகைப் பூவுக்குள் விட்டு எடுக்கும்போது நெற்றியில், அலகு தொடங்குகிற இடத்தில், மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். காக்சினியாவில் மகரந்தக் காம்பு இரண்டும் பூவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பறவை தேனுக்காக முகத்தை நுழைத்தால் நேராக நெற்றியில் பூசிவிடும். அடுத்த பூவின் சூல்முடியும் அதே உயரத்தில் காத்திருக்கும். தொண்டை அதுவரை கறுப்பாகத் தெரிந்தது. திரும்பி வெளிச்சம் பட்டதும் தீக்கங்கு மாதிரி சிவந்தது. நான் குழாயைப் பிடித்தபடியே நின்றேன், அது ஒவ்வொரு பூவாக முடித்துவிட்டுத்தான் போனது.

பட்டாம்பூச்சியில் அதிகம் வருவது ‘மேகமில்லா மஞ்சள்’ (Cloudless Sulphur) என்கிற வகை. உறிஞ்சுகுழல் நீளம் என்பதால் இந்தக் குழல் பூவில் சுலபமாகக் குடிக்கும். அதன் புழு தின்பது சென்னா இலை; நம் ஊர் ஆவாரையும் சென்னாதான். பூவோடு ஒரு சென்னாவும் வைத்தால் முட்டையிட அங்கேயே தங்கும்.

சான் ஹோசே, கலிபோர்னியா

அக்கா, எங்களுக்குச் செப்டம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்னா ஹம்மிங்பேர்ட் வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். டிசம்பர், ஜனவரியிலேயே ஜோடி சேரத் தொடங்கிவிடும். ஆண் பறவை உயரே ஏறி, நேராகக் கீழே பாய்ந்து, அடியில் திரும்பும்போது ‘ட்சீக்’ என்று ஒரு சத்தம் வரும். தொண்டையிலிருந்து வருவதில்லை, வால் இறகில் காற்று பட்டு வருவது. அதனால் எனக்குக் குளிர்காலப் பூதான் தேவை. அன்னாசி சால்வியா வைத்திருக்கிறேன். இலையைக் கசக்கினால் அன்னாசிப்பழ வாசனை. இலையுதிர் காலத்தில் பூக்க ஆரம்பித்தால் எங்கள் தெருவில் உறைபனி விழும்வரை நிற்காது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பூவின் அடியில் சின்னக் கீறல் இருக்கும். தச்சன் வண்டு என்று நாம் சொல்கிற பெரிய கறுப்புத் தேனீ போடுவது. வாசல் வழியாக நுழைய முடியாததால் பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொள்ளும். மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. அப்படிக் கீறிய பூக்கள் நிறைய இருந்தாலும் பறவை வரத்து குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி

இங்கே குளிரில் காக்சினியா பிழைக்காது. மார்ச் கடைசியில் வீட்டுக்குள் விதை போட்டு, மே மாதம் பனி பயம் போனதும் வெளியே வைக்கிறோம். ஜூலையில் பூ. அன்னாசி சால்வியா எங்களுக்கு ஒத்துவரவில்லை. அது பூக்கும்போது பறவைகளில் பெரும்பாலானவை தெற்கே கிளம்பியிருக்கும். பால்கனியில் தொட்டி வைத்திருப்பவர்களும் தயங்க வேண்டாம், என் தொட்டி இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது. அங்கேயும் ஒரு பெண் பறவை வந்து, இன்னொன்றை அண்டவிடாமல் விரட்டுகிறது. அக்கா, செடியோடு சர்க்கரைத் தண்ணீரும் வைக்கலாமா?

ஆஸ்டின், டெக்சஸ்

தாராளமாக வைக்கலாம் தம்பி. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். சிவப்புச் சாயம் வேண்டாம், தேனும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள். சண்டை அதிகமாக இருந்தால் ஒன்றுக்கொன்று கண்ணில் படாதபடி இரண்டு இடத்தில் தொங்கவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். கன்று வாங்கும்போது நியோனிகோட்டினாய்டு பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். அது செடிக்குள்ளேயே ஏறி மகரந்தத்திலும் தேனிலும் வரும். ஹம்மிங்பேர்ட் தேனை மட்டும் குடித்து வாழ்வதில்லை. கொசு, சின்னச் சிலந்தி எல்லாம் பிடித்துத் தின்னும், குஞ்சுக்கும் அதைத்தான் ஊட்டும். சிலந்தி நூலை எடுத்துத்தான் கூட்டையே கட்டும். அசுவினிப் பூச்சி வந்தால் நான் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதோடு சரி. சான் ஹோசே தம்பி, உங்கள் அன்னாசி சால்வியாவில் ஒரு குச்சி ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் வேர் விட்டுவிடும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கொடுங்கள்.