மூன்று எச்சரிக்கைக்குப் பிறகும் அடங்காத மாணவன்: விதிகளைக் கடுமையாக்குவதா?

கேள்வி:
எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இடையூறு செய்யும் மாணவருக்கு மூன்று எச்சரிக்கை, பிறகு வகுப்பறைக்கு வெளியே நிற்க வைத்தல், அதற்கும் அடங்காவிட்டால் பெற்றோரை வரவழைத்து இடைநீக்கம் என்று எங்கள் பள்ளியின் நடத்தை விதிகள் படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் எச்சரிக்கையே போதும். ஒரு மாணவனிடம் மட்டும் எதுவும் எடுபடவில்லை. பேனா மூடியைச் சுண்டி எறிவான். முன்னால் இருப்பவனின் பையை இழுப்பான். நான் பலகையில் எழுதத் திரும்பினால் என் குரலிலேயே பேசி வகுப்பைச் சிரிக்க வைப்பான். வெளியே போகச் சொன்னால் வருத்தமே இல்லாமல் போகிறான். விதிகளை இன்னும் கடுமையாக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்ல நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. வருத்தமே இல்லாமல் வெளியே போகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். வெளியே நிற்பது தண்டனை என்பது நம்முடைய கணக்கு. பாடத்திலிருந்து தப்பிக்க வழி தேடும் பிள்ளைக்கு அது கேட்டது கிடைத்த மாதிரி. அப்படியானால் ஒவ்வொரு முறை வெளியே அனுப்பும்போதும் அந்தச் சேட்டைக்குப் பலன் உண்டு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். சில நாட்களுக்கு ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் குறித்து வாருங்கள்: சேட்டைக்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. கண்பார்வை, செவித்திறன், வாசிப்புத் திறன் ஆகியவற்றையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. பலகையில் இருப்பது தெரியாத பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நோட்டில் குறித்துக்கொண்டிருக்கும் நாட்களில் மற்ற பிள்ளைகளின் படிப்பு என்னாவது? அவர்களுக்கும் அமைதியான வகுப்பு கிடைக்க வேண்டும். எனவே விதி இருக்கட்டும், தவறாமல் நடைமுறையிலும் இருக்கட்டும். கடுமையைக் கூட்டினால் பலன் கூடும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், ஒழுங்கான வகுப்புகளுக்கும் கலவரமான வகுப்புகளுக்கும் உள்ள வேறுபாடு, தவறு நடந்த பின் ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில் இல்லை என்று கண்டார். எந்த மூலையில் என்ன நடந்தாலும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும் என்று பிள்ளைகள் உணர்வதும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு வகுப்பு இழுபறியின்றி நகர்வதுமே அவர் கண்ட வேறுபாடுகளில் முக்கியமானவை. நீங்கள் பலகைப் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் அவன் பெஞ்சருகே போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். வகுப்பே கேட்கும்படி அதட்டினால் அவனுக்கு மேடை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குறித்து வைத்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு பத்தியை உரக்க வாசிக்கும்போதுதான் பெரும்பாலும் தொடங்குகிறான். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணித் தன் பத்தியைத் தேடுகிறான். முறை நெருங்கும்போது பேனா மூடி பறக்கிறது. இதற்கிடையில் அவனை இடைநீக்கம் செய்யலாம் என்ற பேச்சும் பள்ளியில் எழுந்துள்ளது.

மறுமொழி 3:
அப்படியென்றால் வாசிக்க வேண்டிய பத்தியை முந்தைய நாளே தனியாகக் கொடுத்துவிடுங்கள். சிறிது காலத்துக்கு வரிசை முறையையே விட்டுவிட்டு இருவர் இருவராக வாசிக்கச் சொன்னாலும் தவறில்லை. வாசிப்புக்குத் தனிப் பயிற்சி எப்படியும் தேவைப்படும்.

இடைநீக்கத்தைப் பொறுத்தவரை, மற்றவர்களுக்குக் காயம் ஏற்படும் ஆபத்து இருந்தாலொழிய நான் ஆதரிக்க மாட்டேன். சிறு தவறுக்கும் விட்டுக்கொடுக்காமல் தண்டிக்கும் கொள்கைகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, அவற்றால் பள்ளிகள் பாதுகாப்பானவையாக மாறியதற்குச் சான்று இல்லை என்று 2008இல் அறிக்கை அளித்தது. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித கண்ணியத்துக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆவது பிரிவும் கூறுகிறது. கூட்டத்தில் இதைச் சொல்லலாம். நடைமுறையில் அதைவிட எடுபடக்கூடியது உங்கள் நோட்டுதான். அதைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். அதையும் மீறி இடைநீக்கம் செய்தால், விட்டுப்போன பாடங்களை யார், எந்தப் பாடவேளையில் நடத்துவார் என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாசிப்பில் இன்னும் பின்தங்கித்தான் திரும்பி வருவான்.