ஏப்ரல் 14: தீயணைப்பு வீரர்களுக்கான அஞ்சலியைப் புத்தாண்டு நாளில் நடத்தலாமா?

கேள்வி: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சித்திரை முதல் நாளன்று காலையில் சிறு விழா நடத்துவது பல ஆண்டு வழக்கம். சில மாதங்களுக்கு முன் எங்கள் மீட்டர் அறையில் தீப்பிடித்துப் படிக்கட்டு முழுவதும் புகை சூழ்ந்தபோது, அருகிலுள்ள நிலையத்திலிருந்து வந்த தீயணைப்பு வீரர்கள் மேல்மாடியில் சிக்கியிருந்த ஒரு மூதாட்டியை எந்தக் காயமுமின்றிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். நன்றி சொல்வதற்காக நிலையத்துக்குச் சென்றிருந்தபோதுதான், ஏப்ரல் 14 பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்கான நினைவு நாள் என்பதும், அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியவந்தது.

இந்த ஆண்டு விழாவின் ஒரு பகுதியாக அவர்களுக்கு அஞ்சலி செலுத்தலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். பாதிப்பேர் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள், ஆண்டு பிறக்கும் மங்கல நாளில் இறந்தவர்களைப் பற்றிப் பேசுவது முறையாகாது என்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்தையும் நான் மதிக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் பலரின் மனநிலை அதுதான்.

இந்த நாள் எதனால் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதைப் புத்தாண்டோடு சேர்த்து நடத்துவது பொருந்துமா, மலர்வளையமும் மௌன அஞ்சலியும் தவிர வேறு என்ன செய்தால் அது அவர்களுக்கு உண்மையான மரியாதையாக இருக்கும் என்பதை விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வரலாற்று ஆசிரியர், திருவண்ணாமலை

முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டு, பிரிட்டனிலிருந்து புறப்பட்டு கராச்சி வழியாக வந்த ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற சரக்குக் கப்பல், ஏப்ரல் 12 அன்று பம்பாய்த் துறைமுகத்தை அடைந்து விக்டோரியா கப்பல்துறையில் நின்றது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதே கப்பலில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும், மரமும், கந்தகமும், பெட்டிபெட்டியாகத் தங்கக் கட்டிகளும் இருந்தன. பஞ்சையும் வெடிபொருளையும் ஒரே கப்பலில் அடுத்தடுத்து அடுக்கியதுதான் பின்னர் நேர்ந்த பேரழிவுக்கு முக்கியக் காரணம்.

ஏப்ரல் 14 பிற்பகல் 2 மணியளவில் இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை வருவது கவனிக்கப்பட்டது. பம்பாய்த் தீயணைப்புப் படையினர் வந்து, தீ எந்த இடத்தில் பற்றியிருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை மண்டியிருந்த அந்த அறைக்குள் 900 டன்னுக்கும் அதிகமான தண்ணீரை இறைத்தார்கள். ஊற்றிய தண்ணீர் உள்ளேயே கொதித்தது. வெடிபொருள் ஏற்றிய கப்பல் என்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடி அதில் ஏற்றப்பட்டிருக்கவில்லை. மாலை 4.06 மணிக்குக் கப்பல் வெடித்தது. அடுத்த அரை மணி நேரத்துக்குள் இன்னும் பெரிய இரண்டாவது வெடிப்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சிம்லாவிலிருந்த நிலநடுக்கமானியில்கூட அந்த அதிர்வு பதிவானது. கப்பல்துறையும் அதைச் சுற்றியிருந்த குடியிருப்புகளும் எரிந்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயணைப்பு வீரர்களில் மட்டும் 66 பேர் இறந்தார்கள் என்பதே ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் கணக்கு. போர்க்காலத் தணிக்கையால் உள்நாட்டுப் பத்திரிகைகள் பல வாரங்களுக்கு இச்செய்தியை வெளியிட முடியவில்லை. கணவர் எப்படி இறந்தார் என்பதை நாளிதழில் படித்து அறியும் வாய்ப்புகூட அந்தக் குடும்பங்களுக்கு அப்போது இருக்கவில்லை. இன்று மும்பையில் பைகுல்லாவிலுள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நம் மண்ணிலேயே விடை இருப்பதாக எண்ணுகிறேன். எங்கள் மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து வயல்வெளிகளில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளமாக நிற்கின்றன. எடுத்தனூரிலுள்ள ஒரு கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டு, எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் வீழ்ந்ததையும், கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்வனைக் கடித்து நின்றதையும் பொறித்து வைத்திருக்கிறது. ஆண்டு, பெயர், சண்டை நடந்த காரணம், உடன் நின்ற நாயின் பெயர் வரைக்கும் அதில் இருக்கின்றன. அவனைப் பற்றிய புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட கற்களுக்கு எங்கள் ஊர்களில் இன்றும் பொங்கல் வைத்துப் படைக்கிறார்கள். அதை எவரும் அமங்கலம் என்று சொல்லிக் கேட்டதில்லை. ஊருக்காக இறந்தவனை நல்ல நாளில் நினைப்பது நம்முடைய மரபுக்குப் புறம்பானதன்று என்று உங்கள் செயற்குழுவில் தயங்குவோரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நிலைய அலுவலர், திருச்சி

ஆசிரியர் ஐயா எழுதிய நடுகல் செய்தியைப் படித்தபோது, பணிக்காலம் முழுவதும் என் மனத்திலிருந்த குறை ஒன்றை அவர் வேறு வழியில் சொல்லிவிட்டதாகவே தோன்றியது. எங்கள் நிலையங்களில் அன்று காலை சீருடையில் அணிவகுத்து, மலர்வளையம் வைத்து, மௌனம் காப்போம். அது எங்கள் கடமை. அதில் குறையேதும் இல்லை. ஆனால் பொதுமக்கள் நடத்தும் அஞ்சலிகளில் 'தீயோடு போராடி வீரமரணம் எய்தினார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்ன நடந்தது, எதனால் அந்த வீரர் திரும்பி வரவில்லை என்பதைச் சொல்வதே இல்லை. அதைச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கம் எழிலக வளாகத்திலிருந்த பழைய கலச மகாலில் தீப்பிடித்தபோது, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து எங்கள் வீரர் ஒருவர் இறந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு கடையில் எரிந்த தீயை அணைக்கும்போது எரிவாயு சிலிண்டர் வெடித்து மற்றொரு வீரர் இறந்தார். அந்த வெடிப்பில் அருகே திரண்டிருந்த பொதுமக்களும் பெருமளவில் காயமடைந்தார்கள். 2015 மே மாதம் மும்பை கல்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடம் எரிந்து சரிந்ததில், தலைமைத் தீயணைப்பு அலுவலர் சுனில் நேசரிகர் உட்பட நான்கு அதிகாரிகளை இழந்தோம். 2021 மார்ச்சில் கொல்கத்தா ஸ்டிராண்டு சாலையில் ரயில்வே அலுவலகக் கட்டடத்தில் மேல்தளத்துக்கு லிஃப்ட்டில் சென்றவர்கள் அதற்குள்ளேயே சிக்கி இறந்தார்கள். அந்த விபத்தில் மாண்ட ஒன்பது பேரில் நால்வர் தீயணைப்பு வீரர்கள்.

சேர்த்துப் பார்த்தால், சுடர் நேரடியாகத் தொட்டு இறந்தவர்களைவிடச் சுவராலும் கூரையாலும் வெடிப்பாலும் புகையாலும் இறந்தவர்களே என் மனத்தில் அதிகம் நிற்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய கட்டடத்தில், உத்தரம் உள்ளுக்குள் கருகிக்கொண்டே வரும்; வெளியே நிற்பவருக்குச் சுவர் உறுதியாகத்தான் தெரியும். உத்தரம் விழுந்த மறுகணம் அதைத் தாங்கியிருந்த சுவரும் பிடிப்பிழந்துவிடும். துணிக் கிடங்கு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாங்கள் அடிக்கும் தண்ணீரில் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. அது வழிந்தோடாமல் துணிக்கட்டுகளில் ஊறி, தளத்தின்மேல் டன் கணக்கில் பாரமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவேதான் புகைக்குள் நுழையும்போது, காலை முழுவதுமாக ஊன்றுவதற்கு முன் கோடரிக் காம்பால் தரையைத் தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்டு அடியெடுத்து வைக்கும்படி புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். மூச்சுக் கருவியில் காற்று குறைந்ததும் எச்சரிக்கை ஒலி எழும். அந்த ஓசை கேட்டதும் வெளியேற வேண்டும் என்பது விதி. ஆனால் உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது என்று தாய் வாசலில் நின்று அலறும்போது, அந்த விதியைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது உள்ளே போனவருக்குத்தான் தெரியும்.

இவற்றை உங்கள் குடியிருப்பின் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒருவர் நிதானமாக எடுத்துச் சொன்னால், அது எந்த மலர்வளையத்தையும்விட எங்களுக்குப் பெரிய மரியாதை.

மறுமொழி: துணிக்கடை ஊழியர், மதுரை

ஐயா சொன்ன துணிக் கிடங்கின் ஆபத்தை நாங்கள் கண்ணெதிரே பார்த்தோம். 2020 தீபாவளி நேரத்தில் தெற்கு மாசி வீதிப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்திலிருந்த துணிக்கடை இரவில் தீப்பிடித்தது. அணைக்கும் பணியில் இருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இடிபாடுகளில் சிக்கி இறந்தார்கள். ஊர் முழுவதும் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருக்க, அந்த இரண்டு வீடுகளில் அன்று விளக்கு இல்லை. அதன் பிறகு எங்களைப் போன்றவர்களுக்குத் தீபாவளி என்றாலே அந்த இருவரின் நினைவும் சேர்ந்துதான் வருகிறது. அதற்காக நாங்கள் பண்டிகையை விட்டுவிடவும் இல்லை. நல்ல நாளில் இதைப் பேசலாமா என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

எங்கள் கடைவீதிகளின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாசி வீதிகளைச் சுற்றிய சந்துகளில் இருபுறமும் இருசக்கர வாகனங்கள் நிற்கும். கடை வாசலில் சரக்கு மூட்டைகள் கிடக்கும். தலைக்குமேல் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கும். வண்டி உள்ளே வர முடியாவிட்டால், வீரர்கள் கனமான குழாயை நெடுந்தொலைவு தோளில் இழுத்துக்கொண்டுதான் ஓடிவர வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது தீ வளர்ந்து, கட்டடம் வலுவிழந்திருக்கும். நாம் பாதையை மறித்து நிறுத்தும் ஒவ்வொரு வண்டியும் அவர்களை அந்த வலுவிழந்த சுவருக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை எண்ணினால் வேதனையாக இருக்கிறது.

மறுமொழி: தீயணைப்பு வீரரின் மகள், கோயம்புத்தூர்

என் தந்தை பணியில் இருக்கும்போது இறந்தவர். அந்த வகையில் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அஞ்சலி நிகழ்ச்சிகளுக்கு எங்களைப் போன்ற குடும்பங்களை அழைக்க நினைப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அழைக்கிறார்கள். ஆனால் மேடையில் நாற்காலி போட்டு அமர்த்தி, பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, 'அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்' என்று சொல்லும்போது, சிறுவயதில் நானும் என் தம்பியும் எப்படி நடுங்கினோம் என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. என் தாயார் அழுவதைப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த நிகழ்ச்சிக்கும் செல்லவில்லை.

குடும்பத்தை அழைப்பதானால் முன்கூட்டியே நேரில் சென்று, வர விருப்பமா, பேச விருப்பமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வந்தால் முன்வரிசையில் மற்றவர்களோடு சேர்ந்து அமரச் செய்தால் போதும். பெயரை வாசிக்கும்போது முழுப்பெயரையும், பணியாற்றிய நிலையத்தின் பெயரையும் பிழையில்லாமல் வாசியுங்கள். ஒரு நிகழ்ச்சியில் என் தந்தையின் பெயரைத் தவறாக உச்சரித்தார்கள். அன்று கேட்ட மற்ற பேச்சுகள் எதுவும் என் நினைவில் இல்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் வருவதைவிட, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தால் அது பெரிய ஆறுதல். எங்களுக்கு அப்படி ஆண்டுதோறும் வந்த தந்தையின் தோழர் ஒருவர் உண்டு. என் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த மறுமொழிகளை அச்செடுத்துச் செயற்குழுவில் வாசித்தேன். புத்தாண்டு அன்று காலையில் விழா தொடங்கும்போதே ஃபோர்ட் ஸ்டிக்கீன் நிகழ்வையும், சென்னையிலும் மதுரையிலும் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதையும் ஓர் ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்வது என்றும், பெயர்களை வாசித்து மௌனம் காத்த பிறகு விழாவைத் தொடர்வது என்றும் முடிவாகியிருக்கிறது. தயங்கியவர்களில் இருவர் இப்போதும் மனம் ஒப்பவில்லை; அவர்கள் கேட்டுக்கொண்டபடி மலர்வளையத்தை மட்டும் தவிர்த்து, அதைத் தீத்தொண்டு வாரத்திலேயே வேறொரு நாளில் நிலையத்துக்குச் சென்று வைக்கப் போகிறோம். எங்களைக் காப்பாற்றிய நிலையத்தினரை விழாவுக்கு அழைக்க விரும்புகிறோம். அதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி: ஓய்வுபெற்ற நிலைய அலுவலர், திருச்சி

மிக நல்ல முடிவு. அன்று காலை அவர்களுக்கு நிலையத்தில் அஞ்சலி அணிவகுப்பு இருக்கும் என்பதால், நிலைய அலுவலரிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு உங்கள் நிகழ்ச்சியை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும் குழு வண்டியோடுதான் வரும். ஆகவே வண்டியை வாயிலுக்கு வெளியே, சாலையை நோக்கியபடி நிறுத்த இடம் ஒதுக்கி, அதன் முன்னால் வேறு எந்த வாகனமும் நிற்காதபடி ஒருவரைக் காவலுக்கு வையுங்கள். ஒலிபெருக்கியின் ஓசை மிகுந்தால் வண்டியில் இருப்பவருக்கு வயர்லெஸ் அழைப்பு கேட்காது. அழைப்பு வந்தால் மரியாதை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து ஓடிவிடுவார்கள். அதை எவரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதபடி முன்னரே அறிவித்துவிடுங்கள்.

அவர்கள் வந்திருக்கும்போதே, வண்டி உங்கள் நுழைவாயில் வளைவுக்குள் நுழைந்து கடைசிக் கட்டடம் வரை சென்று திரும்ப முடிகிறதா என்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல குடியிருப்புகளில் அலங்கார வளைவும் பிற்பாடு போட்ட தகரக் கூரையுமே வண்டியை வாசலில் நிறுத்திவிடுகின்றன. வாசிக்க வேண்டிய பெயர்களை இணையத்திலிருந்து எடுக்காமல், மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து எழுதிய அந்தச் சகோதரி சொன்ன பிழை நேராமல் இருக்க அதுவே சரியான வழி.