ஏற்காடு ஏறினால் இங்க் பேனா கசிகிறது, விடவும் மனசில்லை

காப்பிக்கணக்கு:
வீடு சேலத்தில், வேலை ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுவது. பில்லரால் மை ஊற்றுகிற பழைய மாதிரி எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா, சாப்பாட்டுப் பையில் கிடக்கும். அஸ்தம்பட்டியில் பஸ் ஏறும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போய் மூடியைத் திறந்தால் கழுத்தெல்லாம் மை. சாயங்காலம் இறங்கும்போது மட்டும் ஒன்றும் ஆவதில்லை. ஆபீஸில் ஜெல் பேனா வாங்கச் சொல்கிறார்கள், எனக்கு இதில் எழுதினால்தான் எழுதின மாதிரி இருக்கிறது. பேனாவில் கோளாறா, பஸ் குலுக்கலா? இன்னும் இதை விடாமல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கறை:
பேனா மேல் பழி போடாதீங்க சார், மலைதான் காரணம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஏறக்குறைய 1500. அவ்வளவு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் ஏழில் ஒரு பங்கு குறையும், பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். இறங்கும்போது காற்று சுருங்குகிறது, அதனால் தொல்லை இல்லை. கிளம்பும்போதே கழுத்துவரை நிரப்புங்கள், உள்ளே காற்றே இல்லாவிட்டால் எது விரியும்? அப்புறம் பையில் படுக்கப் போடாமல், நிப் மேலே பார்க்கிற மாதிரி சட்டைப் பையில் செருகுங்கள். மை குறைந்த பேனா கைச்சூட்டுக்கே சொட்டு விடுவதும் இதே கதைதான்.

ஐந்துரோட்டுக்காரி:
நானும் விடவில்லைங்க. பால்பாயிண்டில் மை கெட்டி, குண்டு உருள அழுத்தியே ஆக வேண்டும், நாலு பக்கம் எழுதினால் கட்டைவிரல் கடுக்கும். இங்க் பேனாவில் மை தண்ணி மாதிரி, நிப்பின் பிளவு வழியாக இறங்கி நிற்கும், காகிதத்தில் பட்டாலே போதும். நிப் முனையும் நாம் பிடிக்கிற சாய்வுக்கு மெல்லத் தேய்ந்து பழகிவிடும், அதனால் யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை, கஞ்சத்தனம் என்று வீட்டில் பேச்சு வேறு. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்னும் எபோனைட்டைக் கையால் கடைந்துதான் செய்கிறார்கள், வாங்க ஆள் இல்லாமலா?

மறுப்புமணி:
எல்லாம் சரி, கார்பன் வைத்து பில் போட இது ஆகாது, அதற்கு அழுத்தித்தான் எழுத வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மேலே பனிமூட்டம் வந்தால் காகிதம் நமுத்து, எழுத்து ஊறிப் பரவும், லெட்ஜரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்த வரி போச்சு. பில்லுக்கு ஒரு பால்பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, ஆசைக்கு இது இருக்கட்டும்.

காப்பிக்கணக்கு:
கழுத்துவரை நிரப்பிச் செருகினேன், இன்று கசியவில்லை, நன்றிங்க. பில்லுக்கு முன்பிருந்தே பால்பாயிண்ட்தான், அது ஆபீஸ் காசு. காகிதம் நமுப்பது உண்மைதான், மழைக்காலத்தில் லெட்ஜரை எப்படிக் காய்ந்தபடி வைப்பது, யாருக்காவது தெரியுமா?