ஆம்ப் மாற்றலாமா வேண்டாமா

கார்த்தி: செந்தில் மாமா, புது ஸ்பீக்கர் ஜோடி வந்துவிட்டது. 100 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. நம் பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 50 வாட்ஸ்தான். கடைக்காரர் 200 வாட்ஸ் ஆம்ப் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?

செந்தில் மாமா: பர்ஸை உள்ளே வை முதலில். அந்த 100, ஸ்பீக்கர் தாங்கும் அளவு. அவ்வளவு கொடுத்தால்தான் பாடும் என்றில்லை. பின்பக்க ஸ்டிக்கரில் ஓம்ஸ், அதாவது மின்தடை, எவ்வளவு?

கார்த்தி: 📷
4 ஓம்ஸ்.

பிரியா: வாட்ஸ் கூடினால் சத்தம் கூடாதா மாமா?

செந்தில் மாமா: வாட் இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டிபி (டெசிபல், சத்தத்தின் அளவு). "கொஞ்சம் ஏறியிருக்கிறதோ" என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க 10 டிபி வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

பிரியா: எங்கள் வீட்டு டப்பா ஸ்பீக்கரில் 5000 வாட்ஸ் போட்டிருக்கிறதே 😂

செந்தில் மாமா: அது பிஎம்பிஓ, பெட்டி விற்க எழுதுவது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் வாட்டை மட்டும் பார்.

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு யார் யார் வருகிறீர்கள்?

பிரியா: நாங்கள் நாலு பேர் பெரியம்மா

செந்தில் மாமா: கார்த்தி, ஆம்ப் பின்னால் வயர் மாட்டும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்தி: 📷
ஸ்பீக்கர் மாட்ட ஏ, பி என்று இரண்டு இடம் இருக்கிறது. ஏ அல்லது பி: 4 முதல் 16 ஓம்ஸ். ஏ+பி: 8 முதல் 16.

செந்தில் மாமா: அதைத்தான் தேடினேன். புது ஜோடியை ஏ-வில் மாட்டு, தாராளமாக ஓடும். சமையலறையில் இருக்கும் பழைய ஜோடி எத்தனை ஓம்ஸ்?

கார்த்தி: ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது மாமா

செந்தில் மாமா: வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வை. 6 சொச்சம் காட்டினால் 8 ஓம்ஸ். 3 சொச்சம் என்றால் 4.

கார்த்தி: 6.3 காட்டுகிறது

செந்தில் மாமா: சரி, அதை பி-யில் போடு. ஆனால் ஏ, பி இரண்டையும் ஒன்றாக அமுக்காதே. 4-ம் 8-ம் பேரலலில் (பக்க இணைப்பில்) சேர்ந்தால் 2.7 ஓம்ஸ்கூட இருக்காது. கரண்ட் தாறுமாறாக இழுத்து ஆம்ப் கொதிக்கும். ப்யூஸோடு போனால் பிழைத்தோம், அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் செலவு.

கார்த்தி: பெரியம்மா காலையில் சமையலறையில் பாட்டு கேட்பார்களே?

செந்தில் மாமா: அப்போது ஹாலை அணைத்துவிட்டு பி மட்டும்.

பெரியம்மா: எனக்கு மெல்லிசாகக் கேட்டால் போதும்ப்பா

பிரியா: சின்ன ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் எரியாது இல்லையா?

செந்தில் மாமா: நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 50 வாட்ஸைக் கடைசி வரை முறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்படும். அதில் கிளம்பும் கீச்சு அதிர்வெல்லாம் பெட்டிக்குள் கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போய்ச் சுருளை எரித்துவிடும். பாட்டு கரகரத்தால் உடனே குறைக்க வேண்டும். அந்த 12-க்கு 14 ஹாலுக்கு அவ்வளவு முறுக்கத் தேவையே வராது.

கார்த்தி: மாட்டிவிட்டேன் மாமா. ஆனால் பேஸே இல்லை. பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ அலைகிறது 😟

செந்தில் மாமா: ஒரு பக்கம் சிவப்பும் கருப்பும் மாறியிருக்கும். ஆம்பை அணைத்துவிட்டு வயரில் கோடு போட்ட இழை எதில் போகிறது பார். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கார்த்தி: வலது பெட்டியில்தான்! மாற்றியதும் மிருதங்கம் நெஞ்சில் இடிக்கிறது 🔥 200 வாட்ஸ் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்

பெரியம்மா: மாடி வரை கேட்கிறது. குறை