மூன்றாம் பக்கத்தில் கண் சொக்குகிறது: உங்களுக்கு என்ன நடந்தது?

தேர்வுக்குப் படிப்பவர்:

பகலில் வேலை, இரவில் கணக்கியல் தேர்வுக்குப் படிப்பு. எட்டு மாதங்களாக இப்படித்தான் போகிறது. ஒன்பதரை மணிக்குப் புத்தகத்தைத் திறப்பேன். முதல் பக்கம் நன்றாகப் போகும். இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி தொடங்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியை நான்கு முறை படித்துக்கொண்டிருப்பேன். சென்ற வாரம் திடுக்கிட்டு விழித்தபோது, அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்த பென்சில் வரியை விட்டு இறங்கி, பக்கத்தின் ஓரம்வரை நீண்ட கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

முகத்தைக் கழுவு, நடந்துகொண்டே படி என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கழுவினேன், நடந்தேன். எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. எனவே அறிவுரை கேட்கவில்லை. உங்களுக்கு என்ன நடந்தது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

மெய்ப்புத் திருத்துபவர்:

பத்தொன்பது ஆண்டுகளாகப் படிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே கண் சொக்கினால் எனக்கு அது வேலைப் பிழை. ஒருமுறை பிற்பகல் இரண்டரை மணிக்கு ஓர் அட்டவணையைச் சரிபார்த்தேன். 17 என்று இருக்க வேண்டிய இடத்தில் 71 என்று இருந்தது. என் கண் அதன்மேல் போயிருக்கிறது, பக்கவாட்டில் சரி என்று குறியும் போட்டிருக்கிறேன். புத்தகம் அச்சாகி வந்த பிறகு ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். அந்தப் பக்கத்தைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. சில நொடிகள் மட்டும் மூளை உறங்கிவிடும், கண் திறந்தபடி இருந்தாலும் நடக்கும் என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன்.

மதியம் உண்ட மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். சில நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அப்போதும் அதே நேரத்தில் கண் கனத்தது. நம் உடல் கடிகாரம் பிற்பகலில் ஒருமுறை தளர்கிறது. வயிறு நிறைய உண்டால் அந்தத் தளர்ச்சி கூடுகிறது, உண்ணாவிட்டாலும் அது வராமல் போவதில்லை. அன்றிலிருந்து எண்கள், அட்டவணைகள், அடிக்குறிப்புகள் எல்லாம் காலையில்தான். பிற்பகலுக்கு எழுந்து நடமாடிச் செய்யும் வேலைகளை ஒதுக்கினேன்.

இரண்டாவது மாற்றம் அரை மணி நேரக் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் ஆக ஆகக் குறிகளைத் தவறவிட்டார்கள். அது ஏன் என்று நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1948இல் வெளியிட்டார். கடிகார முள் போன்ற ஒன்று நகர்வதை இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும், எப்போதாவது அது இரட்டைத் தாவல் தாவும்போது சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்துவிட்டது. நன்றாக உறங்கி எழுந்தவருக்கும் ஒரே மாதிரி வேலை கவனத்தைத் தின்றுவிடும். இதைப் படித்த பிறகுதான் என்மேல் எனக்கிருந்த கோபம் தணிந்தது. இப்போது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, சன்னலருகே நின்று, தொலைவில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கண் வரி தாவும் நாள்களில் வாய்விட்டுப் படிக்கிறேன். குரல் குழறும் இடம்தான் கவனம் நழுவிய இடம்.

ஒரு தாய்:

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். என் மகனுக்குப் பதினொரு வயது. விளையாட்டில் புலி. புத்தகத்தை எடுத்தால் பத்தாவது நிமிடம் மேசையில் தலை சாய்ந்துவிடும். சோம்பேறி என்றேன். உனக்கு அக்கறை இல்லை என்றேன். ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, "நீ படிக்கவே வேண்டாம்" என்று கத்தினேன். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பள்ளியில் பார்வைச் சோதனை செய்திருந்தார்கள். தொலைவிலிருக்கும் பலகையின் கடைசி வரிவரை சரியாகப் படித்தான், குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதனால் கண்ணை நான் சந்தேகிக்கவே இல்லை. பிறகு ஒரு மாலை, அவன் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "இப்படிப் படித்தால் எழுத்து நகராது அம்மா" என்றான். எழுத்து நகரும் என்பதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

கண் மருத்துவர் ஒரு பேனாவை அவன் மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தார். பாதி தூரத்திலேயே ஒரு கண் வெளிப்பக்கம் விலகிப் போனது. அருகில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு கண்களும் உட்பக்கம் திரும்பி ஒரே புள்ளியில் குவிய வேண்டும். அந்தக் குவிதல் அவனுக்குப் போதவில்லை. கன்வர்ஜன்ஸ் இன்சஃபிசியன்சி என்று பெயர் சொன்னார். தொலைவில் பார்க்கும் சோதனையில் இது தெரியாது. இந்தக் குறைக்கான வினாத்தாளை அவர் கொடுத்தபோது, "படிக்கும்போது உறக்கம் வருகிறதா?" என்றும் ஒரு கேள்வி இருந்தது. அதைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மற்ற பிள்ளைகள் எளிதாகச் செய்வதை அவன் ஒவ்வொரு வரியிலும் கண்ணை இழுத்துப் பிடித்துச் செய்திருக்கிறான். களைத்துப் போயிருக்கிறான்.

பென்சில் நுனியைப் பார்த்தபடி மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை வீட்டிலேயே செய்தால் போதாதா என்று கேட்டேன். 2008இல் வெளியான ஓர் ஆய்வை மருத்துவர் எடுத்துச் சொன்னார். 221 பிள்ளைகளுக்கு 12 வாரம் சிகிச்சை தந்து பார்த்திருக்கிறார்கள். பயிற்சியாளர் முன்னிலையில் செய்து வீட்டிலும் தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேருக்குக் குணமோ முன்னேற்றமோ கிடைத்தது. வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 43 சதவீதம். ஆகவே பயிற்சியாளரிடமே சேர்த்திருக்கிறோம். இப்போது ஐந்தாவது வாரம்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன், எழுத்து நகர்கிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரவுப் பணிச் செவிலியர்:

மேற்படிப்புக்கு இரவுப் பணியின் இடைவேளையில்தான் படித்தேன். கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் இருக்கும். என் பழக்கம் இது: ஒரு காபியைக் குடித்த உடனே, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தலை சாய்த்துவிடுவேன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் உறக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. அது அமர வேண்டிய இடத்தில் காபியில் உள்ள கஃபைன் போய் அமர்ந்து வழிமறிக்கிறது. அதன் வேலை நன்றாகத் தெரிய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் குட்டித் தூக்கமும் முடிந்துவிடும்.

ஒருமுறை அலாரத்தை ஒரு மணி நேரத்துக்கு வைத்துவிட்டேன். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதியில் எழுந்ததால் அடுத்த அரை மணி நேரம் எதையும் படிக்க முடியவில்லை, கையெழுத்தே கோணியது. எனவே இருபது நிமிடம்தான் கணக்கு. இன்னொன்று: குடித்த கஃபைனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். படித்து முடித்து உறங்கப் போகிறவர்கள் அதை எண்ணிப் பார்த்துக் குடியுங்கள். கடன் வாங்கிய விழிப்பு அது, மறுநாள் வட்டியோடு கேட்கும்.

சளிக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளோர்பெனிரமைன் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் சென்று உறக்கத்தைத் தருபவை. படிக்கும்போது உறக்கம் வருகிறது என்று குழம்பிய ஒரு தோழி இரண்டு மாதமாக அதை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர்:

தம்பி, என் கதை சிறியது. உங்களுக்குப் பொருந்துமோ பொருந்தாதோ தெரியாது. ஏழு மணி நேரம் உறங்கிவிட்டு, எழுந்து நாளிதழைப் பிரித்தால் காலையிலேயே தூங்கி வழிவேன். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். என் மனைவிதான், "நீங்கள் குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்றுபோகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் அது. எட்டுச் சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை எண் போடச் சொல்கிறது. முதல் சூழலே உட்கார்ந்து படிப்பதுதான். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எனக்கு 17 வந்தது. உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு தடைப்படும் ஸ்லீப் அப்னியா என்றார்கள். இப்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியோடு உறங்குகிறேன். முதல் பத்து நாள் மூச்சு முட்டுவதுபோல் இருந்தது, பழகிவிட்டது. சென்ற மாதம் ஒரு நாவலைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்தேன். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

தத்துவம் படிக்கும் மாணவி:

எனக்கு உறக்கக் குறைவு இல்லை, கண்ணும் நலம். ஆனாலும் சில நூல்களில் மனம் வேறெங்கோ மேயப் போய்விடும். கண் மட்டும் வரிகளில் நடந்துகொண்டிருக்கும். பக்கம் முடிந்த பிறகுதான் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று தெரியும். கொட்டாவி அதற்குப் பிறகு வரும். எனக்கு இது சோர்வால் வருவதில்லை, கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதால் வருகிறது.

மெய்ப்புத் திருத்தும் அண்ணா சொன்ன வாய்விட்டுப் படித்தல் எனக்கு உதவவில்லை. வாய் படித்தது, மனம் அப்போதும் மேய்ந்தது. உதவியது வேறு. ஒவ்வொரு பகுதியையும் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து நான்கு வரி எழுதுகிறேன். எழுத வராவிட்டால் திரும்பப் படிக்கிறேன். அடுத்து எழுத வேண்டும் என்று தெரிந்திருப்பதே மனத்தைக் கட்டி இழுத்து வைக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் செய்த ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. படித்ததை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடி வைத்து நினைவுகூர்ந்தவர்களே முந்தினார்கள். வண்ணக் கோடு போடுவதை நான் விட்டுவிட்டேன். கை அசைவதால் படிக்கிறோம் என்ற நிறைவு வருகிறது, அவ்வளவுதான்.

தேர்வுக்குப் படிப்பவர், ஐந்து வாரங்களுக்குப் பிறகு:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன். ஐயா சொன்ன தாளை நிரப்பினேன், 9 வந்தது. கண்ணையும் சோதித்துக்கொண்டேன், குவிதல் சரியாக இருக்கிறது. பிறகு இரண்டு வாரம் எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன், எந்தப் பக்கத்தில் கண் சொக்கியது என்று குறித்து வைத்தேன். சராசரியாக ஐந்து மணி இருபது நிமிடம் உறங்குகிறேன். ஆறரை மணி நேரம் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

இரவுப் படிப்பை நிறுத்திவிட்டேன். பத்து மணிக்குப் படுத்து, ஐந்துக்கு எழுந்து, ஒரு மணி நேரம் மட்டும் படிக்கிறேன். முன்பு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், இப்போது அதில் பாதிதான். முதல் வாரம் குற்ற உணர்வு வாட்டியது. ஆனால் சகோதரி சொன்னபடி மூடி வைத்து எழுதிப் பார்க்கும்போது, எழுத வருகிறது. தேய்மானம் பற்றிய அத்தியாயத்தை மூன்று மாதமாகத் தாண்ட முடியாமல் கிடந்தேன், போன வாரம் முடித்தேன். சில காலைகளில் இன்னும் கண் கனக்கிறது. அன்று புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி படுத்துவிடுகிறேன்.

அம்மா, உங்கள் மகன் எப்படி இருக்கிறான்?

ஒரு தாய்:

கேட்டதற்கு நன்றி தம்பி. பத்தாவது வாரம் நடக்கிறது. பேனா இப்போது மூக்கின் அருகில் வரும்வரை இரண்டு கண்களும் சேர்ந்தே வருகின்றன. பள்ளிப் பாடம் இன்னும் மெதுவாகத்தான் போகிறது, நானும் அவசரப்படுத்தவில்லை. நேற்று இரவு அவன் அறையில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து, இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சாகசக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். விளக்கை அணைக்கச் சொல்லத்தான் போனேன். "இன்னும் நாலு பக்கம் அம்மா" என்றான். கதவருகே நின்று, அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன்.