மறு: 'ஃபெயிலியர் டு ரெஸ்க்யூ' – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

அறுவைக்குப் பிறகு சிக்கல் வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணும் மருத்துவ அளவான 'ஃபெயிலியர் டு ரெஸ்க்யூ'வுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலை இரண்டு நாளாகச் சும்மா படித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் 'மீட்கத் தவறுதல்' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது.

> நேரடியாக 'மீட்கத் தவறுதல்' என்று வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் என்னவென்று புரியும் என்பதுதான் என் கவலை. 'பெரியவர் தவறிட்டார்' என்றால் நம் வீடுகளில் இறந்துவிட்டார் என்று பொருள். தவறு என்றால் குற்றம். செய்யத் தவறினார் என்றால் செய்யாமல் விட்டார். நான் மொழிபெயர்க்கும் ஆய்வுச் சுருக்கத்தில் 'மீட்கத் தவறியவர்கள் வீதம்' என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன், 'தவறினது யாரு, டாக்டரா பேஷண்டா?' என்று கேட்டாள் மனைவி. வேறு எந்தச் சொல்லுக்கும் பரவாயில்லை, சாவை எண்ணுகிற சொல்லில் இந்தக் குழப்பம் ஆகாது.

> 'அறுவைக்குப் பிந்தைய இறப்பு வீதம்' ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இரண்டும் ஒன்றில்லை. 1992இல் ஜெஃப்ரி சில்பர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் பித்தப்பை, புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை வைத்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். அறுவைக்குப் பிறகு சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளி எந்த நிலையில் வந்து படுத்தார் என்பதைப் பொறுத்தது. சிக்கல் வந்தபின் பிழைப்பாரா என்பதில் ஆஸ்பத்திரியின் தன்மைக்குப் பங்கு கூடுகிறது. அதனால் கணக்கின் பகுதியில், அதாவது கீழே வகுக்கும் எண்ணில், அறுவை செய்துகொண்ட எல்லோரும் வரமாட்டார்கள், சிக்கல் வந்தவர்கள் மட்டும்தான். அவர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதே இந்த அளவு.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை என்பது 2009இல் தெரிந்தது. அமீர் கஃபேரியும் மிச்சிகன் குழுவினரும் 84,730 பேரின் பதிவுகளை எடுத்து, ஆஸ்பத்திரிகளை இறப்பு வீதப்படி ஐந்து கூறாக அடுக்கினார்கள். மிகக் குறைவான கூறில் இறப்பு 3.5 சதவீதம், மிக அதிகமான கூறில் 6.9. சரி, அதிகம் பேர் இறந்த இடத்தில் சிக்கலும் அதிகமாக இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே சிக்கல் 24.6 சதவீதம், குறைவாக இறந்த இடத்தில் 26.9! ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்களைப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது: குறைவாக இறந்த இடத்தில் 12.5 சதவீதம், அதிகம் பேர் இறந்த இடத்தில் 21.4. கத்தி பிடித்த கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நாடித்துடிப்பு ஏறியதை யார் பார்த்தார், பார்த்தவர் யாரை எழுப்பினார், எழுந்தவர் வந்தாரா என்று பார்க்க வேண்டும்.

இதனால்தான் இலங்கை நண்பர் சொன்ன 'மீளாமை வீதம்' எனக்கு ஒத்துவரவில்லை. காதுக்கு இனிமையான சொல், சுருக்கமும் கூட. ஆனால் மீளாதவர் நோயாளி, அவர் மீளவில்லை, அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரி படத்திலிருந்தே நழுவிவிடுகிறது. சில்பர் எந்தப் பக்கம் விரலை நீட்டினாரோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். 'மீட்க இயலாமை' அதைவிட மோசம், மன்னிப்புக் கடிதம் மாதிரி.

என் பரிந்துரை கைநழுவல். சிரிக்காதீர்கள். 'வாய்ப்பு கைநழுவிப் போனது' என்று பேப்பரில் தினமும் படிக்கிறோம். முதலில் கைக்குள் இருந்தது, பிறகு போய்விட்டது என்ற இரண்டும் அதற்குள் இருக்கின்றன. நோயாளி ஆஸ்பத்திரியின் கைக்குள்தான் இருந்தார். வேண்டுமென்று யாரும் விடவில்லை, இருந்தாலும் பிடி போதவில்லை.

கை என்ற சொல் உள்ளே இருப்பது இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. லிண்டா ஐக்கன் குழு 2002இல் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே இந்தக் கைநழுவலின் வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. ஆப்பிரிக்காவில் 25 நாடுகளின் 247 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2018இல் வந்த ஆய்வில், நோயாளிகள் இளையவர்கள், அபாயம் குறைந்தவர்கள், சிக்கலும் உலக சராசரியை ஒட்டியே இருந்தது, ஆனால் இறப்பு இரண்டு மடங்கு. பெரும்பாலான சாவு தியேட்டரில் நடக்கவில்லை, வார்டுக்கு வந்தபின் நடந்தது. கை பத்தவில்லை. அப்புறம் அதே குழுவினர் அபாயம் கூடிய நோயாளிகளைக் கூடுதலாகக் கண்காணித்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது, இறப்பு குறையவில்லை. அந்த வார்டில் தனியாக நின்ற நர்ஸைப் பார்த்து 'தவறினாய்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> 'காம்ப்ளிகேஷன்' என்பதற்குப் 'பின்விளைவு' எப்படி?

வேண்டாம். தையல் தழும்பும் பின்விளைவுதான். சிக்கல் என்றே இருக்கட்டும், நூல் சிக்கிக்கொண்டால் பொறுமையாகப் பிரித்து எடுக்கலாம் என்ற நினைப்பும் அதில் கிடைக்கிறது.

ஆக, முதல் இடத்தில் 'சிக்கலில் கைநழுவல்' என்று முழுதாக எழுதி, பிறகு 'கைநழுவல் வீதம்' என்று சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அறிக்கைக்குக் கொஞ்சம் பேச்சுவாடையாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில் 'கைநழுவுதல்' இதே பொருளில் புழங்குகிறதா? அங்கே உள்ளவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் சுருக்கத்தில் போட்டு அனுப்பிவிடுவேன், இல்லையென்றால் இந்த முறை அடிக்குறிப்போடு ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் விட வேண்டியதுதான்.