டிராப்அவுட் வோல்டேஜுக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம். வோல்டேஜ் ரெகுலேட்டர் பத்தி நீங்க அனுப்பின தமிழ்க் கலைச்சொல் பட்டியலைப் பார்த்தேன். அதுல ரெகுலேட்டருக்கு "கட்டுப்படுத்தி"ன்னு வந்த சொல்லை நான் ஏத்துக்கல, காரணம் சொல்லிடறேன். கன்ட்ரோலருக்கு ஏற்கனவே அந்தச் சொல் போயிடுச்சு. அதோட ரெகுலேட்டர்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்தான் ஞாபகம் வருது, 7805ங்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர் சிப் செய்யறது அதுக்கு நேர் எதிர், உள்ள 8 வோல்ட் வந்தாலும் 12 வோல்ட் வந்தாலும் வெளிய 5 வோல்ட்டை அசையாம பிடிச்சு வச்சிருக்கும். அதனால "நிலைப்படுத்தி". "சீராக்கி"யும் வேணாம், அதை ஏசியை டிசியா மாத்தற ரெக்டிஃபையருக்கு எழுதறவங்க இருக்காங்க.

லீனியருக்கு "நேரியல்" போதும், கணக்குல பழகின சொல். ஃபிக்ஸடுக்கு "நிலைத்த"ன்னு போட்டா "நிலைத்த நிலைப்படுத்தி"ன்னு நாக்கு தடுக்குது, "மாறா நிலைப்படுத்தி"ன்னு வச்சுக்கலாம், எல்எம்317 சிப் மாதிரி, ரெசிஸ்டர் போட்டு நாமளே வோல்டேஜ் வச்சுக்கிறது "மாற்றத்தகு நிலைப்படுத்தி".

இப்போ உண்மையான சிக்கல், டிராப்அவுட். "விடுபடு மின்னழுத்தம்"னு எழுதியிருக்கீங்க, அகராதியப் பார்த்தா சரிதான், ஆனா படிக்கிற பையனுக்கு எது எதுலேர்ந்து விடுபடுதுன்னே புரியாது. உள்ள நடக்கறது இதுதான்: நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் மாறும் ரெசிஸ்டர் மாதிரி நின்னு மிச்ச வோல்டேஜை வெப்பமா விடுது, அது வேலை செய்யணும்னா உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் நடுவுல கொஞ்சமாவது இடம் வேணும். 7805க்கு அந்த இடம் சுமாரா 2 வோல்ட். அதுக்குக் கீழ போனா பிடி நழுவிடும், உள்ள வோல்டேஜ் இறங்க இறங்க வெளியவும் கூடவே இறங்கும். அதனால நான் சொல்ற சொல் "பிடிப்பிடைவெளி". பிடிப்பு இருக்கணும்னா இவ்ளோ இடைவெளி வேணும், சொல்லே விளக்கிடுது. எல்டிஓ, அதாவது இந்த டிராப்அவுட் குறைவா இருக்கிற ரெகுலேட்டருக்கு, "குறையிடைவெளி நிலைப்படுத்தி".

பேட்டரி சர்க்யூட்ல இது எவ்ளோ முக்கியம்னு பாருங்க. 9 வோல்ட் பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினதுமே 7805 பிடிய விட ஆரம்பிக்கும், பேட்டரில இன்னும் சக்தி இருக்கும், ஆனா நமக்கு உதவாது. ஹெச்டி7350 மாதிரி ஒரு குறையிடைவெளி நிலைப்படுத்தி, சில மில்லி ஆம்பியர் மட்டும் எடுக்கற சர்க்யூட்ல, 5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் தாங்கும்.

அதே பேட்டரிய வச்சு குயிசென்ட் கரண்டையும் முடிச்சிடலாம், "அமைதி மின்னோட்டம்"னு வந்திருக்கே அது எனக்கு ரொம்ப உறுத்துது. அமைதியா இருக்கிற மின்னோட்டம் இல்ல அது, நிலைப்படுத்தி தன் சொந்த வேலைக்காக எடுத்துக்கற மின்னோட்டம், சர்க்யூட் தூங்கிட்டிருந்தாலும் அது செலவாகிட்டே இருக்கும். 7805 சுமாரா 5 மில்லி ஆம்பியர் எடுக்கும், 500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரின்னா லோடே இல்லாம 100 மணி நேரத்துல காலி, நாலு நாள் சொச்சம்தான். ஹெச்டி7350 எடுக்கறது சுமாரா 4 மைக்ரோ ஆம்பியர், அந்த அளவுக்குப் போயிட்டா அதே பேட்டரி வருஷக்கணக்குல தாங்கும். அதனால "தன்செலவு மின்னோட்டம்"னு வைக்கலாம். குறைஞ்ச மின்சாரத்துல ஓடற சர்க்யூட்டுக்கு சிப் தேடறவங்க டேட்டாஷீட்ல முதல்ல பார்க்க வேண்டிய வரி இது, அங்கே "அமைதி"ன்னு இருந்தா தாண்டிப் போயிடுவாங்க, "செலவு"ன்னு இருந்தா நின்னு படிப்பாங்க.

"பிடிப்பிடைவெளி"ல பிடி, ப்பிடைன்னு ஒலி இடிக்குதுன்னு தோணினா "பிடியிடைவெளி"ன்னு சுருக்கிக்கலாம், எனக்கு ரெண்டும் சம்மதம். ஆனா இதுக்கு அலகு வோல்ட்ங்கிறதால கடைசில "மின்னழுத்தம்" சேர்த்தே ஆகணுமா, இல்ல "இடைவெளி"ன்னாலே போதுமான்னு சொல்லுங்க. நீளம்னு யாராவது நினைச்சுடுவாங்களோன்னு அந்த ஒரு இடத்துலதான் எனக்குத் தயக்கம்.